பிளஸ் டூவுக்குப் பிறகு மறுவாழ்வுத் துறை: எந்தப் பட்டத்தை எடுப்பது?

மருத்துவ இடம் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் பல வீடுகளில் அடுத்த மூச்சிலேயே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது: "சரி, பிசியோதெரபியில் சேர்த்துவிடலாம்." பிசியோதெரபி நல்ல படிப்பு. ஆனால் மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்ய வேண்டும் என்ற விருப்பத்தோடு வரும் மாணவருக்கு அது ஆறேழு வழிகளில் ஒன்றுதான். மற்ற வழிகளின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் அதில் சேர்ந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் "நான் நினைத்த வேலை இது இல்லையே" என்று தவிக்கும் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். நான் சிறப்புக் கல்வியாளர். பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கை அவயவ வல்லுநர் என எல்லோரும் வந்து போகும் ஒரு மையத்தில் வேலை செய்வதால் அவரவர் நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிகிறது. பட்டங்களை ஒப்பிடச் சம்பளப் பட்டியலைவிட அந்த நாள்களே நல்ல அளவுகோல் என்பது என் கருத்து.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஆறு வயது, மூளை முடக்குவாதம். கால்கள் விறைத்து ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்கின்றன. வலது கை எப்போதும் மூடியே இருக்கிறது. சொல்வது வீட்டாருக்கு மட்டும் பாதி புரியும். கஞ்சி ஊட்டினாலும் புரையேறுகிறது. ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. குழந்தை வீட்டில் இருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் இந்தக் குழந்தையின் இடுப்பு மூட்டு நழுவிவிடுமோ என்று பார்ப்பார். தசை விறைப்பைத் தளர்த்துவார், உட்காரவும் நிற்கவும் பழக்குவார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்த மூடிய கையில் கரண்டி எப்படி நிற்கும், சட்டைப் பொத்தானை ஒரு கையால் எப்படிப் போடுவது, கழிவறையில் எதைப் பிடித்து உட்காருவது என்று பார்ப்பார். பேச்சுப் பயிற்சியாளர் முதலில் புரையேறாமல் விழுங்க வைப்பார். பிறகு பேச்சோ, படப் பலகையோ, ஏதோ ஒரு வழியில் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லக் கற்றுக்கொடுப்பார். செயற்கை அவயவ வல்லுநர் கணுக்காலைத் தாங்கும் கருவிக்கு மாவுக்கட்டு போட்டு அளவெடுப்பார். சிறப்புக் கல்வியாளர் அந்தப் பதிவேட்டுப் பெயரை வகுப்பறையில் ஒரு பிள்ளையாக மாற்ற வேண்டும். சமூகப் பணியாளர் அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, தூக்கமில்லாத அம்மாவின் மனநிலை ஆகியவற்றைக் கவனிப்பார்.

இவர்களில் யாருடைய வேலையைப் படிக்கும்போது உங்கள் கை துறுதுறுத்தது? ஒப்பீட்டை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் உரிமம்

இந்தப் பட்டங்கள் அனைத்தும் ஒரே அமைப்பின் கீழ் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேச்சு மற்றும் செவித்திறன் படிப்பு, செயற்கை அவயவப் படிப்பு, சிறப்புக் கல்வி, மருத்துவ உளவியல், மறுவாழ்வுச் சமூகப் பணி முதலிய 16 வகைப் பணியாளர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் என்ற ஆர்.சி.ஐ.யின் கீழ் வருகிறார்கள். 1992இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே அமைந்த கவுன்சில் அது. படித்து முடித்தவர் அதன் மத்தியப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்த பிறகே தொழில் செய்யலாம். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிவையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்ட சான்றோடு புதுப்பிக்க வேண்டும்.

பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சுகாதாரத் துணைத் தொழில்களுக்கான தேசிய ஆணையத்தின் கீழ் வருகின்றன. அந்த ஆணையம் இரண்டு படிப்புகளுக்கும் நாடு முழுவதற்கும் பொதுவான புதிய பாடத்திட்டத்தை வகுத்திருக்கிறது. படிப்புக் காலமும் சேர்க்கை முறையும் மாறிவரும் காலம் இது. ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த பக்கத்து வீட்டு அக்கா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் சேரும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் படியுங்கள்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், ஆறு மாதச் சான்றிதழ், "ஆட்டிசம் தெரபிஸ்ட்" பட்டயம் என்று கவர்ச்சியான பெயர்களில் இடங்கள் விற்கப்படுகின்றன. பணம் கட்டும் முன் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் அந்த ஆண்டுக்கு உண்டா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது; அங்கீகாரம் படிப்புவாரியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது.

பி.பி.டி.: எல்லோருக்கும் தெரிந்த வழி

பிசியோதெரபி இளநிலைப் பட்டமான பி.பி.டி.யின் பலம் அதன் அகலம். எலும்பு முறிவு, பக்கவாதம், விளையாட்டுக் காயம், பிரசவத்துக்குப் பிந்தைய பயிற்சி, முதியோர் நலம் என்று எங்கு வேண்டுமானாலும் போகலாம். சிறு ஊரிலும் வேலை இருக்கும். ஐந்தாறு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு சொந்தக் கிளினிக் வைக்கலாம். வீடு தேடிச் சென்று பயிற்சி அளிக்கலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி ஓர் அங்கமாக இருக்கிறது. படுக்கையில் கிடந்த எத்தனையோ பேரின் வீட்டுக்குள் இந்தத் தொழில் அப்படித்தான் முதன்முறையாக நுழைந்தது.

அந்த அகலமே பலவீனமாகவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லூரிகள் நிறைய. வெளியே வருபவர்களும் நிறைய. நான் அறிந்த சிறு மருத்துவமனைகளில் புதிதாகச் சேர்பவருக்குத் தரும் சம்பளத்தைக் கேட்டால் மனம் கசக்கும். இன்னொன்று, நான்கு ஆண்டுப் பாடத்தில் மாற்றுத்திறன் என்பது ஒரு பகுதிதான். கழுத்து வலி, மூட்டு வலி நோயாளிகளுக்கு நடுவில்தான் பெரும்பாலான நாள்கள் கழியும். அது குறையில்லை. ஆனால் "நான் குழந்தைகளோடு வேலை செய்யத்தான் வந்தேன்" என்பவர், குழந்தைகள் நரம்பியல் பிரிவு உள்ள கல்லூரியைத் தேடாமல் பக்கத்தில் இருக்கிறது என்று ஒன்றில் சேர்ந்தால், உள்ளகப் பயிற்சி முடியும்வரை அப்படிப்பட்ட குழந்தையை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பார்த்திருப்பார்.

பி.ஓ.டி.: பெயர் புரியாததால் ஒதுக்கப்படுவது

ஆக்குபேஷனல் தெரபி என்றதும் "தொழிற்பயிற்சியா?" என்று கேட்பவர்களே அதிகம். காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை ஒரு மனிதர் செய்யும் காரியங்கள்தான் இதன் பாடம்: குளித்தல், உடுத்தல், உண்ணல், எழுதுதல், சமைத்தல், வேலைக்குப் போதல், விளையாடுதல். இந்தியாவில் இதற்கான முதல் பள்ளி மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950இல் கமலா நிம்ப்கரின் முயற்சியால் தொடங்கியது. தமிழ்நாட்டில் இந்தத் தேவையை முகத்தில் அறைந்தாற்போல் உணர்த்தியது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று டாக்டர் பால் பிராண்ட் அங்கே காட்டினார். நிமிர்ந்த விரலுக்கு மீண்டும் வேலை செய்யக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அது இல்லாவிட்டால் அறுவை சிகிச்சை பாதியிலேயே நின்றுவிடும்.

அதே வேலூரில்தான் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954இல் நடந்த விபத்தில் தண்டுவடம் பாதித்து இரு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் அங்கே உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் உருவானதில் அவருடைய பங்கு பெரிது. மாற்றுத்திறனாளியான மாணவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவருக்காகவே இதை இங்கே எழுதுகிறேன்: இந்தத் துறையில் நீங்கள் சிகிச்சை பெறுபவர் மட்டுமல்ல, அதை நடத்தவும் உரியவர். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும் அரசுப் பணியில் 4 சதவீத இடமும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தருகிறது.

பி.ஓ.டி. படித்தவர்கள் நம்மிடம் குறைவு. கல்லூரிகளும் குறைவு: வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, கோவை கே.எம்.சி.எச்., எஸ்.ஆர்.எம். போன்ற சில. ஆட்டிசம், கவனக்குறைவு, கற்றல் குறைபாடு என்று பெற்றோர் விழிப்படைந்திருக்கும் இந்தக் காலத்தில் நகரங்களில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்குக் காத்திருப்புப் பட்டியலே இருக்கிறது. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கல்லூரியின் படிப்புக்கு உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பின் அங்கீகாரம் உண்டா? அந்தக் கூட்டமைப்பு குறைந்தது ஆயிரம் மணிநேரக் களப்பயிற்சியை வலியுறுத்துகிறது. அந்த அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு பல நாடுகளின் கதவைத் தட்டுவது கடினம்.

இதன் சிக்கல்கள் இரண்டு. சிறு நகர மருத்துவமனைகளுக்கு இந்தப் பணியிடம் எதற்கு என்றே தெரியாது. நீங்களே விளக்கி இடம் பிடிக்க வேண்டும். அடுத்தது பொறுமை. ஒரு பிள்ளை தானாகச் சட்டை மாட்டிக்கொள்ள எட்டு மாதம் ஆகலாம். அந்த எட்டு மாதமும் சலிக்காதவருக்கு இதைவிட நிறைவான வேலை இருக்காது. கட்டணமும் தூரமும் ஒத்துவந்து, பி.பி.டி., பி.ஓ.டி. இரண்டும் முன்னால் இருந்தால், மாற்றுத்திறனாளிகள் சேவைக்கென்று வருபவருக்கு நான் பி.ஓ.டி.யையே சொல்வேன்.

பேச்சும் செவியும்

பேச்சு, செவித்திறன் இளநிலைப் பட்டமான பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு ஆண்டுப் படிப்பு. அதில் கடைசி ஓராண்டு உள்ளகப் பயிற்சி. ஒரே பட்டத்தில் இரண்டு தொழில்கள் அடங்கியிருக்கின்றன. செவித்திறனைச் சோதிப்பதும் கருவி பொருத்துவதும் ஒன்று. பேச்சு, மொழி, விழுங்குதல் ஆகியவற்றுக்கான பயிற்சி மற்றொன்று. முதுநிலையில்தான் இரண்டும் பிரிகின்றன. இயந்திரமும் அளவீடும் பிடித்தவருக்கு முதலாவது. மனிதரோடு உட்கார்ந்து பேசப் பிடித்தவருக்கு இரண்டாவது. பிளஸ் டூ முடித்த வயதில் தன்னை முழுமையாகத் தெரிந்திருக்காத பிள்ளைக்கு இந்த இரட்டை வாய்ப்பு பெரிய வரம்.

ஆர்.சி.ஐ. விதிப்படி இயற்பியல், வேதியியலோடு உயிரியல் படித்தவர் மட்டுமல்ல, கணிதமோ கணினி அறிவியலோ படித்தவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். உயிரியல் எடுக்காததால் மருத்துவத் துறையே அடைபட்டுவிட்டது என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்குக் கூடுதல் நிபந்தனை வைப்பதுண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்குத் தனி வலு தந்தது காக்ளியர் கருவி, அதாவது அறுவை சிகிச்சையால் உட்செவியில் பொருத்தும் கேட்புக் கருவி. பிறவியிலேயே செவித்திறன் இல்லாத, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. கருவியைப் பொருத்தியதும் குழந்தை பேசிவிடாது. ஒலி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, மாதக்கணக்கில் கேட்கவும் பேசவும் பழக்க வேண்டும். லட்சக்கணக்கில் செலவான கருவி அலமாரியில் கிடக்குமா, குழந்தையின் காதில் இருக்குமா என்பதை இந்தப் பயிற்சிதான் தீர்மானிக்கிறது.

படிக்கும் இடம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம். நுழைவுத் தேர்வு உண்டு. தரத்தில் அதற்கு ஈடு சொல்ல முடியாது. மத்திய அரசு நிறுவனம் என்பதால் கட்டணமும் தனியார் அளவுக்கு இல்லை. ஆனால் அங்கே வரும் நோயாளிகளில் கணிசமானோர் கன்னடம் பேசுபவர்கள். பேச்சுப் பயிற்சி மொழியோடு பிணைந்தது: எந்த ஒலி எந்த வயதில் வர வேண்டும், குழந்தை எந்த வாக்கியத்தில் தடுமாறுகிறது என்பதெல்லாம் மொழிக்கு மொழி மாறும். தமிழ்ப் பிள்ளைகளோடு வேலை செய்ய விரும்புபவர், சென்னையில் படித்தால் நான்கு ஆண்டும் தமிழ்க் காதோடு பழகலாம். போரூர் ஸ்ரீராமச்சந்திரா போன்ற இடங்களில் இதற்கான நீண்ட மரபு இருக்கிறது. மைசூரில் இடம் கிடைத்தால் நான் விடச் சொல்ல மாட்டேன். விடுமுறைகளில் தமிழ்நாட்டு மையங்களில் பயிற்சிக்கு வந்து அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளலாம்.

வேலை வாய்ப்பில் என் கண்ணுக்கு இந்தப் பட்டமே இன்று முன்னால் நிற்கிறது. மருத்துவமனை, பள்ளி, கருவி நிறுவனம், தனிக் கிளினிக் எல்லாமே ஆள் தேடுகின்றன. அமெரிக்கா செல்ல எண்ணுபவர் மட்டும், அங்கே பேச்சுப் பயிற்சியாளராக முதுநிலைப் பட்டம் கட்டாயம் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

செயற்கை அவயவம்: கைத்திறனும் அறிவியலும்

செயற்கை அவயவ இளநிலைப் பட்டமான பி.பி.ஓ. நாலரை ஆண்டு. மிகச் சிலரே படிக்கிறார்கள், மிகச் சில இடங்களிலேயே இருக்கிறது. ஒடிசாவில் கட்டாக் அருகே ஒலட்பூர், கொல்கத்தா, நம் சென்னைக்கு அருகிலுள்ள முட்டுக்காடு ஆகிய இடங்களில் உள்ள தேசிய நிறுவனங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. பட்டறை வேலை பிடிக்க வேண்டும். மாவுக்கட்டில் அச்செடுப்பது, பிளாஸ்டிக்கைச் சூட்டில் வளைப்பது, அரை அங்குலம் அரைத்து எடுப்பது, பிறகு அந்த மனிதர் நடப்பதைப் பார்த்து மறுபடி அரைப்பது. 1968இல் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ஜெய்ப்பூர்க் காலை உருவாக்கியபோது கைத்திறனும் மருத்துவமும் சரிபாதியாகக் கலந்தன. இந்தத் தொழில் இன்றும் அப்படித்தான். சர்க்கரை நோயால் காலை இழப்பவர்களும் சாலை விபத்தில் இழப்பவர்களும் இருக்கும்வரை தேவை குறையாது. சிறு வயதில் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பொறியியல் விண்ணப்பத்தோடு இதையும் ஒன்று வாங்கி வையுங்கள். கணிதப் பிரிவு மாணவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

சிறப்புக் கல்வி: என் சொந்தத் தொழில்

இதற்குள் வரும் வழிகள் பல. பிளஸ் டூ முடித்ததும் இரண்டாண்டுப் பட்டயம். அல்லது ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் முடித்து இரண்டாண்டு பி.எட். சிறப்புக் கல்வி. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் வரலாம். அறிவியல் பிரிவு கிடைக்காத, தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தத் துறைக்குள் நுழைய இதுவே கௌரவமான வாசல். அரசுக் கல்லூரியில் தமிழோ, கணிதமோ, உளவியலோ படித்துவிட்டுப் பிறகு முட்டுக்காட்டிலோ, கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்திலோ பி.எட். சேர்ந்தவர்கள் நல்ல ஆசிரியர்களாக வந்திருக்கிறார்கள். எந்தக் குறைபாட்டில் சிறப்புப் பயிற்சி என்பதைச் சேரும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும்: செவித்திறன், பார்வை, அறிவுசார் குறைபாடு போன்றவை. விளம்பரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு பார்வையற்றோர் பள்ளியிலும் ஓர் ஆரம்பநிலைப் பயிற்சி மையத்திலும் தலா ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வேலையின் சுகம் என்ன என்று கேட்டால், சிகிச்சையாளரிடம் குழந்தை வாரத்துக்கு இரண்டு முறை முக்கால் மணிநேரம் வரும். நம்மிடம் நாள் முழுவதும் இருக்கும். பிரெயிலில் முதல் வரியைத் தடவிப் படிக்கும் விரலையும், பத்து ரூபாய் நோட்டையும் இருபது ரூபாய் நோட்டையும் பிரித்துக் கடையில் பால் வாங்கி வரும் பதினேழு வயதுப் பையனையும் கூடவே இருந்து பார்க்கலாம். அந்தப் பையனுக்கு அதைக் கற்றுத்தர மூன்று ஆண்டு ஆகியிருக்கும்.

சம்பள நிலையை மறைக்க மாட்டேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பணியாற்றும் சிறப்பாசிரியர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். நிரந்தரப் பணி கேட்டுப் போராடிக்கொண்டும் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பில் தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்று விகிதம் வகுத்தது. 2025 மார்ச்சில், பணியிடங்களை அறிவித்து நிரப்பும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த விகிதத்தை உண்மையாக நடைமுறைப்படுத்தினால் இத்தனை ஆயிரம் ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்ற நிலை வரும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் சிறப்புக் கல்வியாளரை நியமிக்க வேண்டும் என்பது விதி. நகரங்களில் அங்கே ஓரளவு நல்ல சம்பளம் கிடைக்கிறது. ஆகவே எதிர்காலம் இருக்கிறது, நிகழ்காலம் கடினம். வீட்டுக் கடனை உடனே அடைக்க வேண்டிய பொறுப்பு உள்ளவர் இந்த வழியை எடுக்கும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசட்டும்.

சமூகப் பணி, உளவியல்

பி.எஸ்.டபிள்யூ. அல்லது பி.எஸ்சி. உளவியல் எடுப்பவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். பொதுவான உளவியல் பட்டம் மட்டும் யாரையும் மருத்துவ உளவியலாளர் ஆக்காது, அதற்கு ஆர்.சி.ஐ. ஏற்ற உயர் படிப்பு தேவை. மூன்று ஆண்டோடு நிறுத்த நினைப்பவருக்கு இது பொருந்தாது. மேலே படிக்கத் தயார் என்றால் மனநல மறுவாழ்வில் செய்ய வேண்டியது மலையளவு இருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. மனநோயிலிருந்து மீண்டவரைக் குடும்பத்துக்கும் வேலைக்கும் திருப்பி அனுப்பும் பணியைச் சென்னையில் ஸ்கார்ப், பான்யன் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. அங்கே களப்பயிற்சிக்குப் போன மாணவர் வேறு வேலைக்குத் திரும்புவது அரிது.

திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் என்றே ஒரு துறை இருக்கிறது. ஒரே தொழிலில் இறங்காமல் எல்லாவற்றிலும் அடிப்படை அறிவு பெற்று, சமூக மறுவாழ்வுத் திட்டங்களை நடத்த விரும்பும் பெண்களுக்கு ஏற்ற வழி. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமங்களில் வீடு வீடாகக் கொண்டுசெல்லும் ஆரம்பநிலைப் பயிற்சியைப் பார்த்தால், பல தொழில்களின் அடிப்படையையும் அறிந்த ஒருவர் ஓர் ஊருக்கு எவ்வளவு தேவை என்பது விளங்கும். கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அந்த ராமகிருஷ்ணன்.

கல்லூரியை எப்படி எடை போடுவது

பட்டத்தைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனிமேல் கட்டடத்தையும் பஸ் வசதியையும் பார்த்து ஏமாறாதீர்கள். காலை பத்து மணிக்கு அந்தக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவுக்குப் போய் உட்காருங்கள். எத்தனை குழந்தைகள் வருகிறார்கள்? மாணவர்கள் கையால் தொட்டு வேலை செய்கிறார்களா, சுவரோரம் நின்று பார்க்கிறார்களா? நோயாளி இல்லாத கல்லூரியில் நூறு புத்தகம் படித்தாலும் கை பழகாது. கடைசி ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே அழைத்து, உள்ளகப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள், உதவித்தொகை தருகிறார்களா என்று கேளுங்கள்.

கட்டணத்தில் வேறுபாடு பெரிது. மாநில அரசின் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் கிடைக்கும் அரசு இடத்துக்கும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நடுவில் நிற்பது முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த வளாகத்தில் எல்லாத் தொழிலினரும் ஒரே குழந்தையைச் சுற்றி வேலை செய்வதை முதல் ஆண்டிலேயே பார்க்கலாம். இடம் கிடைத்தால் பட்டம் எதுவானாலும் அங்கே படிக்கச் சொல்வேன்.

படித்து முடித்தபின் வேலை எங்கே என்ற கேள்விக்கு, பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிட இன்று பதில் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 7இலிருந்து 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இடம்பெற்றன. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் என்று பதிவானது பழைய பட்டியல் காலத்துக் கணக்கு. குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டு பயிற்சி தரும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் "விழுதுகள்" மையங்கள் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, உளவியல் அனைத்தையும் ஒரே இடத்தில் தருகின்றன. இவற்றில் பல பணிகள் ஒப்பந்த அடிப்படையில் என்பதையும் சேர்த்தே மனதில் கொள்ளுங்கள்.

என்னிடம் வந்து கேட்டால் இப்படித்தான் பிரித்துச் சொல்வேன். சீக்கிரம் சம்பாதிக்கவும் வேண்டும், இந்தத் துறையிலும் இருக்க வேண்டும் என்றால் பி.ஏ.எஸ்.எல்.பி. குழந்தைகளோடு, குறிப்பாக ஆட்டிசம் உள்ளவர்களோடு நெடுநேரம் இருக்கப் பிடித்தால் பி.ஓ.டி. சொந்த ஊரில் கிளினிக் வைத்து எல்லா வயதினரையும் பார்க்க விரும்பினால் பி.பி.டி. கைவேலைக்காரருக்கு பி.பி.ஓ. பணம் குறைவு, மனம் நிறைய என்றால் அரசுக் கல்லூரிப் பட்டமும் சிறப்புக் கல்வி பி.எட்.டும். இரண்டுக்கு நடுவில் ஊசலாடுபவர், விண்ணப்பத் தேதி முடியும் முன் பக்கத்து மாவட்ட இடையீட்டு மையத்துக்கோ ஒரு சிறப்புப் பள்ளிக்கோ முன்னதாகச் சொல்லிவிட்டுச் சென்று, நான்கு நாள் தரையில் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கட்டும். பெரும்பாலான மையங்கள் மறுக்க மாட்டார்கள்; கூடுதலாக இரண்டு கைகள் எப்போதும் அவர்களுக்குத் தேவைப்படுகின்றன.